ஒரு பெயர், இரண்டு வண்டிகள்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலில் சென்ற மாதம் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர்: புல்லட். ஒன்று என் தகப்பனாருடையது. 1960-களில் திருவொற்றியூரில் பிறந்து, ராணுவத்தில் சேவகம் பண்ணி, ஏலத்துக்கு வந்து, 1979-இல் எங்கள் வீட்டுக்குக் குடி வந்தது. மற்றொன்று என் அக்காள் மகனுடையது. 2023-ஆம் வருஷத்து மாதிரி. தாத்தாவையும் பேரனையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தது போல இருந்தது. பெட்ரோல் தொட்டியின் சாயல் அதே. அதன் மேல் இழுத்த தங்கக் கோடு அதே. முன்விளக்குக்கு இரு பக்கமும் பூனைக் கண் மாதிரி இரண்டு சின்ன விளக்குகள், அவையும் அதே.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒருவர் பழைய வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் என் மனைவி அவருக்கு இன்னொரு தடவை காப்பி கொடுத்தாள். மருமான் மட்டும் துள்ளிக் குதித்தான். "விக்கவே கூடாது மாமா! இது நம்ம பாரம்பரியம். இந்த மாதிரி வண்டி இனிமே யாராலயும் செய்ய முடியாது" என்றான். அப்படிச் சொன்னவன் ஆறு மாதம் பணம் சேர்த்துப் புது வண்டி வாங்கியவன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பழசு உசத்தியா, புதுசு உசத்தியா என்ற தீர்ப்பு என் தலையில் விழுந்தது. நானோ காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்று போனவன். பௌதிகத்தில் எனக்கு வந்த மார்க்கை இங்கே சொல்வது உசிதமல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் முதலில் அதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பான். அப்படி விசாரித்தேன்.

கதை ஊசியில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் உர்ஸ்டர்ஷயர் ஜில்லாவில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஊசி செய்வதில் பேர் பெற்றது. அங்கிருந்த ஊசிப் பட்டறை ஒன்று பிற்பாடு சைக்கிள் உறுப்புகள் செய்யத் தொடங்கிற்று. 1890-களில் என்பீல்ட் என்ற இடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சில உறுப்புகள் செய்து கொடுக்கும் ஆர்டர் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் சைக்கிளுக்கே 'ராயல் என்பீல்ட்' என்று பெயர் வைத்தார்கள். பீரங்கியை முத்திரையாகப் போட்டு, துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்று விளம்பரமும் செய்தார்கள். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932-இல் வந்தது. ஊசி, துப்பாக்கி, குண்டு என்று வம்சாவளி ஒழுங்காகவே இருக்கிறது.

தூரப் பயணம் போகிறவர்களுக்கு முக்கியமான வருஷம் 1948. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரம் சட்டத்தோடு இறுக்கி முடுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் ஓட்டுகிறவனுடைய முதுகெலும்பும் கூடவே விழும். ஆசனத்துக்குக் கீழே இரண்டு சுருள்வில் வைத்து மனுஷனைச் சமாதானப்படுத்துவார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ரெட்டிச்சில் தயாரான புது புல்லட்டில் பின் சக்கரம் ஒரு புயத்தில் தொங்கி மேலும் கீழும் ஆடியது. இரு பக்கமும் அதிர்ச்சி தாங்கிகள் இருந்தன. இப்படி ஆடுகிற வண்டி மலைப் பாதையில் நிற்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1948-இல் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் பந்தயத்தில் பிரிட்டிஷ் கோஷ்டி கோப்பையை வென்றபோது அதில் புல்லட் ஓட்டிகளும் இருந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. இன்று நாம் 'பழைய புல்லட்' என்று வாஞ்சையோடு தடவிக் கொடுக்கிறோமே, அது தன் காலத்தில் எல்லோரும் புருவத்தை உயர்த்திப் பார்த்த புது நாகரிகம். இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் எல்லைப்புறத்தைக் காவல் காக்க நமது ராணுவத்துக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. கல்லிலும் மணலிலும் ஓட வேண்டும். ரிப்பேர் சுலபமாக இருக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் 350 ஸி.ஸி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை இறக்குமதி செய்து கொடுத்தது சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-இல் அவர்களும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்ட் இந்தியா'வைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து உறுப்புகள் பெட்டியில் வரும், இங்கே பூட்டுவார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே வந்து சேர்ந்தன. 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லா உறுப்பையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கப்புறம் நடந்தது நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால், "நம்பும்படியாக இல்லை" என்று விமரிசகர்கள் எழுதியிருப்பார்கள். தாய்வீட்டில் 1960-களின் தொடக்கத்திலேயே புல்லட்டைக் கைவிட்டார்கள். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. பிராட்போர்டு-ஆன்-ஏவனுக்குப் பக்கத்தில் பழைய கல் சுரங்கத்துக்குள் நடந்துகொண்டிருந்த மிச்சத் தொழிலும் 1970-இல் முடிந்தது. சமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் புகுந்த பெண் மட்டும் வங்கக் கடலின் உப்புக் காற்றில் பிழைத்திருந்தாள். 1977-இல் அவளே இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போனாள். தாங்கள் விட்டெறிந்த வண்டி புத்தம் புதிதாக வந்து இறங்கியதைக் கண்டு இங்கிலீஷ்காரர்கள் தங்கள் வாலிபத்தையே விலை கொடுத்து வாங்குவது போல் வாங்கினார்கள்.

இங்கேதான் மருமானுடைய 'பாரம்பரியம்' என்ற வார்த்தை எனக்குச் சிக்கலாயிற்று. 1950-களில் வந்த வண்டி 1980-களிலும் ஏறக்குறைய அப்படியே இருந்ததற்குக் காரணம் என்ன? முன்னோர் வகுத்ததை மாற்றக் கூடாது என்ற பக்தியா? அப்படிச் சொல்ல எனக்கு ஆசைதான்; வாஸ்தவம் வேறு. அது லைசென்ஸ் ராஜ்யத்தின் காலம். எத்தனை வண்டி செய்யலாம், எந்த வெளிநாட்டு நுணுக்கத்தை வாங்கலாம் என்பதற்கெல்லாம் டில்லியின் உத்தரவு வேண்டும். வெளிநாட்டு வண்டிகள் உள்ளே வர முடியாது. மைசூரில் செய்த ஜாவாவும், ராஜ்தூத்தும், புல்லட்டும் என்று விரல் விட்டு எண்ணக் கூடிய மோட்டார் சைக்கிள்களே உண்டு. செய்ததெல்லாம் விற்றுப் போகிற இடத்தில் எதை மாற்றுவது, எதற்காக மாற்றுவது? பழமையை யாரும் காப்பாற்றவில்லை. அது நகர வழியில்லாமல் நின்றது. அதைத்தான் பிற்பாடு நாம் பாரம்பரியம் என்று மாலை போட்டோம்.

ஆனால் அப்படி நின்றதில் ஒரு நன்மையும் விளைந்தது. முப்பது வருஷம் ஒரு யந்திரம் மாறாமலிருந்தால் தேசமே அதைப் படித்துவிடுகிறது. கரந்தையில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய், அப்பாவின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "டாப்பட் லூஸாயிருக்கு சார்" என்பார். அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் அதைக் கற்கவில்லை. காஷ்மீரத்திலும் ராஜஸ்தானத்திலும் அவரைப் போல ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தூர தேசம் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன வேண்டும்? புல்லட் இந்தியாவின் யாத்திரை வண்டியானது அதன் வேகத்தால் அல்ல; எந்த ஊரில் நின்றாலும் அதைக் கிளப்பிவிட ஓர் ஆள் இருந்ததனால்.

1980-களில் டில்லி கதவைச் சற்றுத் திறந்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா வந்தது. சின்ன வண்டி, கொஞ்சம் பெட்ரோல், உதைத்தவுடன் கிளம்பும். ஒரே இரவில் புல்லட் கிழவனாகிவிட்டது. கம்பெனி தள்ளாடியது. 1993-இல் டீஸல் புல்லட் ஒன்றைக்கூட விற்றுப் பார்த்தார்கள். 1994-இல் ஐஷர் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு ராயல் என்பீல்ட் என்ற பழைய பெயரைச் சூட்டிற்று. அப்படியும் 2000-த்தையொட்டி இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. அப்போது இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் பொறுப்பை ஏற்றார். பிறகுதான் பழைய உடம்புக்குள் புதிய உறுப்புகளை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார்கள். வார்ப்பிரும்பு எஞ்சின் போய் அலுமினியம் வந்தது. தனித்தனியாக இருந்த எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய எஞ்சின் 2008-09-இல் வந்தது. 2013-இல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை. 2016-இல் மலைப் பயணத்துக்கென்றே 'ஹிமாலயன்'. 2018-இல் இரட்டை ஸிலிண்டர் வைத்த 650 ஸி.ஸி. வண்டிகள். 2020-இல் வந்த புதிய 350 எஞ்சினை 2023-இல் புல்லட்டிலும் வைத்தார்கள்.

காகிதத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். பழையது 346 ஸி.ஸி., புதியது 349. பழையதற்கு 18 குதிரைச் சக்தி, புதியதற்கு ஏறக்குறைய 20. "அறுபது வருஷத்துக்கு ரெண்டு குதிரைதானா?" என்று என் மனைவி கேட்டாள். எடையோ ஏறக்குறைய 160 கிலோவிலிருந்து 195 கிலோவாகிவிட்டது. கணக்கு உதவவில்லை. ஆகவே மருமானும் நானும் ஆளுக்கொரு வண்டியில் கொடைக்கானல் போய்வருவது என்று தீர்மானித்தோம். போக ஏறக்குறைய 250 கிலோமீட்டர்.

விடியற்காலையில் அவன் ஒரு பொத்தானை அமுக்கினான், வண்டி கிளம்பிற்று. அதில் உதைக்கும் கட்டையே கிடையாது. என்னுடையதைக் கிளப்ப ஒரு சடங்கு உண்டு. சாவியைத் திருப்பி, கட்டையை மெதுவாக மிதித்துக்கொண்டே, முன்விளக்கின் மேலுள்ள ஆம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வருகிற இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்டி மயிரிழை நகர்த்தி, நெம்புகோலை விட்டுவிட்டு, முழுக் காலால் உதைக்க வேண்டும். அவன் உறுமிக்கொண்டு நிற்கும் அவமானத்தில் நான் முள்ளைப் பாராமல் உதைத்தேன். கட்டை திருப்பி உதைத்தது. குற்றம் முழுவதும் என்னுடையது; கொடைக்கானல் வரையில் நொண்டினேன்.

திண்டுக்கல் வரையில் நாற்கரச் சாலை. அவன் எண்பதில் பாட்டுக் கேட்பவன் போல் உட்கார்ந்து போனான். நான் அறுபதுக்கு மேல் போனால் கைப்பிடி துடித்தது. இதற்கு எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு பெரிய பிஸ்டன் மேலும் கீழும் ஓடினால் எதிர் எடையால் அந்த உதறலில் ஒரு பாகத்தைத்தான் ஈடு கட்டலாம். மீதி ஓட்டுகிறவனுடைய கைக்கு வரும். அந்நாளில் உலகத்தில் எவர் செய்த ஒற்றை ஸிலிண்டர் வண்டியும் அப்படித்தான். புதியதில் எதிர்த் திசையில் சுழல்கிற ஒரு தண்டை உள்ளே வைத்து மீதி உதறலையும் விழுங்கச் செய்துவிட்டார்கள்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியபோது வேறொரு பாடம். கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு இலேசு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே அளந்த அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டி மூச்சுத் திணறும். லடாக்கில் கர்துங் லா கணவாய் ஏறக்குறைய 17,600 அடி. அங்கே காற்றின் அழுத்தம் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். பழைய வண்டிகளில் அங்கே போனவர்கள் வழியில் நின்று ஜெட்டை மாற்றி, ஊசியை இறக்கி, வண்டியின் நாடியைப் பிடித்துப் பார்த்துப் போனார்கள். புதிய வண்டியிலோ காற்றை அளக்கக் கருவி உண்டு. அது சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துத் தெளிக்கும். பழைய வண்டியில் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைப் புதிய வண்டி தானே தெரிந்து வைத்துக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் இரண்டு குதிரையில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

பிரேக்கும் அப்படியே. ஒரு வளைவில் குரங்குக் குட்டி குறுக்கே ஓடிற்று. அவன் பதறி இரண்டு பிரேக்கையும் அழுத்தினான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடித்து, வண்டி நேராக நின்றது. 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து சட்டம் கட்டாயமாக்கியிருக்கிற ஏற்பாடு அது. என் வண்டியின் டிரம் பிரேக்கில் அவன் மாதிரி அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். புகையைக் குறைத்ததும் 2020-இல் வந்த சட்டம்தான். பழமை நின்றதற்கும் டில்லி காரணம். புதுமை வந்ததற்கும் பாதிக்கு மேல் டில்லிதான் காரணம்.

பெருமாள்மலையில் டீ குடித்துவிட்டுப் புறப்பட்டால் புது வண்டி கிளம்பவில்லை. மருமான் முகம் வெளுத்தது. டெலிபோனை எடுத்து எங்கெங்கோ விசாரித்தான். "கம்பெனி லாப்டாப் இருந்தாத்தான் மாமா பார்க்க முடியும்" என்றான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதற்குள் டீக்கடைப் பையன் ஒருவன் வந்து, கைப்பிடியிலிருந்த சிவப்புப் பொத்தானைத் தட்டினான். எஞ்சினை அணைக்கிற பொத்தான். கையுறையைக் கழற்றும்போது இவனே அதை அமுக்கியிருக்கிறான். காலையில் என் அசட்டுத்தனம், மாலையில் அவனுடையது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என் வண்டி நின்றால் எனக்கு எங்கே தேடுவது என்றாவது தெரியும். அவனுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது மட்டுமே தெரிந்தது.

மறுநாள் இறங்கும்போது வண்டிகளை மாற்றிக்கொண்டோம். இதுவும் லேசான காரியமல்ல. பழையதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; புதியதில் நேர் மாறு. முதல் மைலில் நான் கியர் என்று பிரேக்கை மிதித்தேன். அவன் பிரேக் என்று கியரை மாற்றினான். எப்படியோ வத்தலக்குண்டு வந்து ஒரு ஹோட்டலில் காப்பி சாப்பிட உட்கார்ந்தோம்.

மருமான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். விரலெல்லாம் மரத்திருந்தது, ஒரு கையால் பிடித்தால் காப்பி தளும்பியது. நான் ஒரு கையால் பிடித்திருந்தேன்.

எனக்குத் திடீரென்று அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் மராமத்து இலாகாவில் ஓவர்ஸியர். வாய்க்கால் கரைகளில் நாள் முழுவதும் வண்டியில் சுற்றிவிட்டு அந்தி நேரத்தில் வருவார். அம்மா மோர் கொடுப்பாள். அந்த டம்ளரை அவர் இரண்டு கையாலும், கோயில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி, ஏந்திக் குடிப்பார். குடித்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். அம்மா கொடுக்கும் மோருக்கு அப்பா செய்கிற மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுகதையில் அப்படியே எழுதியும் இருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில், வத்தலக்குண்டு ஹோட்டலில்தான், அவருடைய விரல்கள் மரத்திருந்தன என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "ஆமா, கை விறுவிறுன்னு இருக்கும்" என்றார்.

"அப்புறம் ஏம்ப்பா அத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

"அப்ப வேற என்னடா கிடைச்சுது?"

என் சரித்திர ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன்: தூரம் போவதற்குப் புதியதே உசத்தி. நன்றாக நிற்கிறது, புகை குறைவு, கையை வருத்துவதில்லை. பழையது போனால் போகப்போவது வண்டி அல்ல. முள்ளைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் ஒரு யந்திரத்தை முழுக்கத் தெரிந்துகொள்ளலாம் என்று சாதாரண மனிதர்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விடும். அதற்காகத்தான் எனக்கு வருத்தம்.

பெங்களூர்க்காரர் மறுபடியும் வந்தபோது அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "குடுத்துடு" என்றார் என்னிடம். மருமான் முகம் தொங்கிப் போயிற்று. அப்பா திண்ணையிலிருந்து மெதுவாக எழுந்து வண்டியண்டை போனார். முன்விளக்கின் மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். வாங்க வந்தவரைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல இந்த முள்ளைப் பார்க்கக் கத்துக்குங்க" என்றார்.